மடுல்சீமையில் நாங்கள் செய்த வானவில்

வேதக்கோயில் விழாவன்று முற்றத்தில் வானவில் வரவழைக்கப்போகிறேன் என்று சித்தி சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. வரவழைக்கப்போவது அவர்தான். ஆனால் ரப்பர் குழாயைப் பிடிக்கப்போவது நான்! எட்டு வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது?

சித்தி அம்மாவின் தங்கை. மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞான டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு வேதபாடம் நடத்துவதும் அவர்தான். கடுகை முளைக்கவைத்துக் காட்டிவிட்டுத்தான் கடுகு விதை உவமையைச் சொல்வார். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். பெரியவர்கள் சிலருக்கோ அது பிடிக்கவில்லை. "நோவா கதைக்கு பைப்பு எதுக்குங்க ஐயா?" என்று, மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து வரும் போதகரிடம் முறையிட்டுவிட்டார்கள். விழாவன்று பார்த்துவிட்டு, இந்த வகுப்பு தொடரலாமா கூடாதா என்று சொல்வதாக அவர் சொல்லிவிட்டார். மற்ற வாரங்களில் ஆராதனை நடத்தும் உபதேசியார் என் அப்பா. அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

விழாவுக்குக் கூட்டம் அதிகம் என்பதால் ஆராதனை முற்றத்தில்தான் நடக்கும். பீடத்தை வழக்கம்போல் கிழக்கே வைப்பார்கள். பாடசாலை விட்ட பிறகு, சாயங்காலங்களில் ஒத்திகை பார்த்தோம். பீடம் வரும் இடத்தருகே நின்று, குழாய் வாயைக் கட்டைவிரலால் அழுத்தித் தண்ணீரை மேலே பீய்ச்சுவேன். எதிரே நிற்கும் பிள்ளைகள் நிறங்களைக் கண்டு கத்துவார்கள். குழாய் பிடித்த எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. எனக்கு அழுகையே வரும்.

விழா காலையில் அதிசயமாக மூடுபனி இல்லை, நல்ல வெயில். "வெள்ளம் வடிஞ்சப்புறம் நோவாவுக்கு அடையாளமா மேகத்துல ஆண்டவர் எப்படி வில்ல வச்சாருன்னு இப்ப பாருங்க" என்றார் சித்தி. பீய்ச்சினேன். சனங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. யாரோ சிரித்தார்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்தது! அவர்கள் தலைக்கு மேலே, சிவப்பும் பச்சையும் நீலமுமாக! "தெரியுது, தெரியுது!" என்று குதித்தேன். ஒருவரும் நம்பவில்லை. வெளுத்துப்போய் நின்ற சித்தி சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். சாயங்காலம் பார்ப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்த சூரியன் காலையில் பீடத்துக்குப் பின்னால் அல்லவா நிற்கிறது! முதுகுப் பக்கம் வெயில் இருந்தால்தான் வானவில் தெரியும் என்பதை விஞ்ஞான டீச்சரே மறந்துபோனார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. ஆராதனை நடுவில் பீடத்துக்கு முதுகு காட்டுவதா? அப்பா மெழுகுதிரி ஏற்றிவிட்டு வரும்போதுகூடப் பின்பக்கமாகவே நடந்து வருவார். "பாத்தீங்களா ஐயா, ஆண்டவருக்கு முதுகக் காட்டச் சொல்றாங்க!" என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. சித்தியின் கண்கள் நிறைந்துவிட்டன. போதகர் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா எழுந்தார். பீடத்துக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பி நின்றார். "திரும்புங்க" என்றார் உரக்க.

அவ்வளவுதான், நாற்காலிகள் கிறீச்சிட முற்றமே திரும்பியது. போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சேலைகளையெல்லாம் நனைத்துக்கொண்டு நான் குழாயோடு கடைசி வரிசைக்குப் பின்னால் ஓடினேன். கட்டைவிரலை அழுத்தினேன். "ஆ!" என்று ஊரே கத்தியது. கிழவர்கள்கூடக் கத்தினார்கள்! போதகர் கைதட்டிக்கொண்டே, "வகுப்ப விட்றாதீங்க டீச்சர்" என்றார். சித்தி சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை.

அந்த ஆரவாரத்தில் அப்பாவைத் தேடினேன். பீடத்தருகே அதே இடத்தில் நின்றார். கண்களை இறுக மூடியிருந்தார். கைகள் கூப்பியிருந்தன, உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

வீட்டுக்குப் போகும் வழியில், "பாத்தீங்களா அப்பா?" என்றேன்.

"பாத்தேம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

உபதேசியார் பொய் சொல்கிறார்! அதுவும் ஞாயிற்றுக்கிழமை! நேரே அம்மாவிடம் ஓடிப் புகார் சொன்னேன். அம்மா என் ஈரத் தலையைத் துவட்டினார். பிறகு, "அவரு திரும்பி நின்னாருல்ல, அது போதாதாடி?" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. திரும்பி நிற்பதில் என்ன பெரிய காரியம் இருக்கிறது? கண்ணைத் திறந்தால்தானே வானவில்!