ராஜா படமும் நோட்டின் பின்பக்கமும்

அந்த நாளின் தேதி என் நோட்டில் இருக்கிறது. மலையேறத் தொடங்கிய நேரமும் இறங்கி முடித்த நேரமும்கூட இருக்கின்றன. இங்கே தேதியை எழுதவில்லை. எழுதினால் அந்த வாரத்துப் பத்திரிகைகளைப் புரட்டி, செஞ்சிக்கு வந்த இயக்குநர் யார் என்று கண்டுபிடித்துவிடக்கூடியவர்கள் உண்டு. நானே அப்படிப்பட்ட ஆள்தான். அறுபதுகளின் நடுவில், தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்போது நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் ஊரார் பத்திரங்கள், மற்ற நேரத்தில் என் சொந்த நோட்டு. தடித்த அட்டை போட்ட நோட்டு அது. முன்பக்கத்திலிருந்து கோட்டையைப் பற்றி எழுதுவேன்: எந்த வாசல் எப்போது கட்டியது, எந்தக் குளம் யார் காலத்தது, எந்தப் புத்தகம் என்ன சொல்கிறது. பின்பக்கத்திலிருந்து சினிமா: எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு ஒரு படம் என்றைக்கு வந்தது, என்றைக்கு எடுத்தார்கள், பார்த்துவிட்டு எனக்கு என்ன தோன்றியது. இரண்டும் நடுவில் சந்தித்தால் நோட்டு தீர்ந்தது என்று அர்த்தம்.

என் பள்ளிக்கூடத்து நண்பன் ஒருவன் வல்லத்தைச் சேர்ந்தவன், சமண விவசாயக் குடும்பம். அந்தப் பெரிய இயக்குநரிடம் ஆறு வருடமாக உதவியாளனாக இருந்தான். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. சென்னையிலோ படப்பிடிப்பு முடிவதே விளக்கு வைத்த பிறகுதான். ஆறு வருடத்தில் பாதி நாள் அவன் வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறான். இதை அவன் சொல்லவில்லை, அவன் அம்மா சொல்லித் தெரியும்.

அந்த ஆறு வருடத்தில் அவன் ஒரே ஒரு கதை எழுதினான். நம் கோட்டையில் சண்டையிட்டுச் செத்த ஓர் இளம் ராஜாவின் கதை. குடும்பப் படங்களுக்குப் பேர்போன அந்த இயக்குநர் கடைசியில் அதைக் கேட்டுவிட்டு, "கோட்டையைப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஒரு கம்பெனி இன்னொரு குடும்பப் படத்துக்கு அவரிடம் கையெழுத்து வாங்கக் காத்திருந்தது. அதற்குள் கோட்டை அவருக்குப் பிடித்துவிட்டால் என் நண்பனின் கதைதான் அடுத்த படம். பிடிக்காவிட்டால் ஆறு வருடம் போனது போனதுதான்.

வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கு நீயும் வர்ற. தேதி கேட்டா தேதி சொல்லு. படத்த பத்தி மட்டும் வாயத் தெறக்காத."

"நான் இன்னாடா சொல்லப்போறேன்?"

"சொல்லுவ. தீபாவளிக்கு வந்தப்போ என் கதையில பீரங்கி தப்பான வருசத்துல வருதுன்னு அர மணி நேரம் பேசுனியே."

"அது தப்புதானே?"

"பாத்தியா! இதத்தான் சொல்றேன்."

சிரித்தோம். ஆனால் அவன் டீயைக் குடிக்கவே இல்லை, ஆடை கட்டிவிட்டது.

மறுநாள் ஏழு மணிக்கு ராஜகிரி அடிவாரத்தில் கார் வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் மனிதர், வெள்ளை ஜிப்பா, கான்வாஸ் ஷூ. எனக்கு வணக்கம் சொன்னார், அவ்வளவுதான். முதல் வாசல் வரை ஒரு வார்த்தை இல்லை. என் நண்பன் படிக்கட்டைப் பார்த்து ஏறவில்லை, அவர் முகத்தைப் பார்த்தே ஏறினான். இரண்டு இடத்தில் இடறினான்.

நெற்களஞ்சியத்தின் பக்கம் வந்தபோது அவர் முதல் தடவையாக வாய் திறந்தார். "முற்றுகை வந்தா இதுல எத்தன நாள் தாங்கும்?"

எந்தப் புத்தகம் என்ன சொல்கிறது, எதை நம்பலாம், எதை நம்ப முடியாது என்று சொன்னேன். அவர் நின்று கேட்டார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். நண்பன் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினான். காலையிலிருந்து இறுகிக் கிடந்த அவன் முகம் அப்போதுதான் இளகியது.

மேலே ஏறி, வெயிலுக்கு ஒதுங்கப் படிக்கட்டில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தோம்.

"இவ்வளவும் எப்படி ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்றார்.

"நோட்டு போட்டிருக்கேன் சார்."

"குடுங்க, பாக்கலாம்."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பெருமையோடு கொடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த மனிதர் எந்தக் கதையைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார் என்று நண்பன் எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறான். அதை அதே நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் கை நீட்டிய அந்த நேரத்தில் அது ஞாபகத்தில் இல்லை.

அவர் நோட்டைத் திருப்பிப் பின்னாலிருந்து திறந்தார்.

முதல் தாளில் வேறு யார் யாரோ எடுத்த படங்கள். இரண்டாவதிலும் அப்படித்தான். நான்காவது தாளில் அவர் பெயரை எழுதி, அடிக்கோடு போட்டு, அவருடைய படங்கள் முழுவதையும் வரிசையாக எழுதியிருந்தேன். அதற்கடுத்த பக்கத்தில் இருந்ததுதான் விபரீதம். எதிரே பாறையில் ஒரு குரங்கு எங்கள் சோற்று மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. மூட்டையை விட்டுவிட்டு அந்த நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடேன் என்று அதை மனதுக்குள் கெஞ்சினேன்.

"சார், கோட்ட பக்கம் முன்னால இருக்குது" என்றேன்.

"இருக்கட்டும்."

நான்காவது தாளுக்கு வந்தார். வெகுநேரம் திருப்பவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார், படித்தார். பிறகு நோட்டை என் நண்பனிடம் நீட்டினார்.

"படிப்பா. சத்தமா."

அவன் ஒன்றும் தெரியாமல் வாங்கிப் படிக்கத் தொடங்கினான். "மூன்றாவது படம். நம் கொட்டகையில் பதினோரு நாள். கடைசி நாளும் பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. இவர் எடுத்ததில் இதுவே சிறந்தது. பட்டணத்தில் ஓடாததால் பயந்துவிட்டார் போலிருக்கிறது. பிறகு வந்த ஐந்தும் ஒரே வீட்டில் நடக்கின்றன, திரைச்சீலை மட்டும் மாறுகிறது."

அவன் குரல் இறங்கியது. "நிறுத்தாத" என்றார் இயக்குநர்.

"இவர் இனி எடுக்கக்கூடியவை. ஒன்று, மாற்றலாகி வந்த டீச்சருக்கு ஒரு சின்ன ஊரில் முதல் மாதம். இரண்டு, நம் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கும் காலத்தில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு ஓரகத்திகள். எடுக்கக் கூடாதது, ராஜா கதை. இவருக்குச் சத்தம் வராது. குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்."

தீபாவளிக்கு அவன் கதையைச் சொல்லிவிட்டுப் போன பிறகு எழுதியது அது. அவனிடம் சொல்ல மனம் வராமல் நோட்டிடம் சொல்லியிருந்தேன். அவன் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் குரங்கைப் பார்த்தேன்.

"உன் சிநேகிதர் சொல்றது சரியா, தப்பா?" என்று அவனைக் கேட்டார் இயக்குநர்.

"தப்பு சார்." உடனே சொன்னான். "அவனுக்கு சினிமா தெரியாது சார். பத்திரம் எழுதறவன்."

"எங்க தப்பு?"

"குதிர சார். குதிரயெல்லாம் நீங்க..." நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். "சண்டையில கூட்டம் வரும் சார், அந்தக் கூட்டத்த..." மறுபடி நின்றுவிட்டான். அவன் நோட்டை மூடி மடியில் வைத்தான்.

"சத்தம் வராதுங்கறது சரி சார். ஆறு வருசமா பக்கத்துல நிக்கிறேன். கூட்டம்னா உங்களுக்குக் கோவம் வந்துடும். ரெண்டு பேரு பேசாம உக்காந்து சாப்பிடறத எடுக்கறப்போதான் சிரிப்பீங்க."

"இத ஏன் இத்தன நாளு சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பதினோரு நாள் நிஜமா? இந்தப் பக்கமெல்லாம் அஞ்சே நாள்ல எடுத்துட்டாங்கன்னு கம்பெனியில சொன்னாங்க."

"பதினொண்ணு சார். நடுவுல ஒரு நாள் மழ, ஆட்டம் இல்ல. அத சேக்கல."

அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு எழுந்து ஜிப்பாவைத் தட்டிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினார். உச்சிக்கு முன்னால் மலை பிளந்திருக்கும் இடத்தையும் அதன் மேல் போட்ட பாலத்தையும் அவர் பார்க்கவில்லை. என் நண்பனின் கதையில் ராஜா கடைசியாக நிற்கும் இடம் அது. சோற்று மூட்டை பிரிக்காமலே கீழே வந்தது. கார் புறப்படும்போது நண்பன் என் பக்கம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை ஒரு கிரயப் பத்திரத்தின் நகலில் தேதியைத் தப்பாக எழுதினேன். அந்த அலுவலகத்தில் நான் செய்த முதல் பிழை அது.

பங்குனியில் ஒரு நாள் மாலை அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மொதல்ல அந்த நோட்ட உள்ள பூட்டி வெச்சிட்டு வா. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டு வந்தேன்.

"அந்த திங்கக்கெழமயே கையெழுத்து போட்டுட்டாருடா. அந்த குடும்பப் படத்துக்கு."

திண்ணையில் உட்கார்ந்தேன்.

"போட்டுட்டு வெளிய வந்து, அந்த மல்லாட்டக் கதைய நீ எழுது, அடுத்த படம் அதுதான்னாரு."

"எடுப்பாரா?"

"யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிஞ்சு அவரு அடுத்த படம்னு சொன்னதுல இது நாலாவது."

"ராஜா?"

"பொட்டியில தூங்கறாரு." வானத்தைப் பார்த்தான். "பொழுது போவுது. சோறு போடச் சொல்லு. உன் மேல கோவம் அப்படியேதான் இருக்குது, சாப்ட்டுட்டு கோவப்படறேன்."

என் மனைவி அவசரமாக இலை போட்டாள். நாலு வாய் சாப்பிட்டிருப்பான்.

"ஏண்டா, அந்த ஓரகத்திங்க ஏன் பேசிக்கல?"

அதை நான் யோசிக்கவே இல்லை. சொன்னேன்.

"பெரிய இவனாட்டம் எழுதி வெச்ச, காரணம் வேணாமா?" என்றான். சோற்றைப் பிசைந்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தான். "பெரியவ பிரசவத்துக்குப் பொறந்த வீட்டுக்குப் போயிருந்தப்போ, சின்னவ அவ அடுப்ப இடிச்சு வேற பக்கம் பாத்து கட்டிட்டான்னு வெச்சுக்குவோம்..."

நான் நோட்டை எடுக்க எழுந்தேன்.

"உக்காருடா" என்றான்.