எல்மாவின் இடது முழங்கை

ஜெர்மனிக்கு வந்த முதல் வருடத்தில் நானும் கணவரும் என்ன சாப்பிட வேண்டும் என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஹைமின் வாசலில் ஒரு வான் வந்து நிற்கும். ஹைம் என்றால் அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு வந்தவர்களைத் தங்க வைத்திருக்கும் விடுதி. எங்களுடையது ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி, ஒரு சிறு நகரத்தின் ஓரத்தில், முன்பு படையினர் இருந்த கட்டடம். அறை எண் எழுதிய பெட்டியைக் கையில் தருவார்கள். உள்ளே பாண், பால், ஒரு முட்டைக்கோவா, இரண்டு தகரப்பேணி. ஒன்றில் மாட்டிறைச்சி, மற்றதில் பன்றி ஈரல் பசை. எங்கள் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை. பக்கத்து அறைக்குப் புதிதாக வந்திருந்த பெண் பன்றி சாப்பிடுவதில்லை. பொதுச் சமையலறை மேசையின் இரு பக்கமும் நின்று நாங்கள் இருவரும் பேணிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் ஒரு பேணியை என் பக்கம் தள்ளினாள். நானும் ஒன்றை அவள் பக்கம் தள்ளினேன். இப்படித்தான் அம்ரா எனக்குப் பழக்கமானாள்.

அது 1992. பொஸ்னியா தனி நாடாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அதன் தலைநகர் சரயேவோவைச் சுற்றி மலைகளில் பீரங்கிகள் நின்றன. அம்ரா அந்த நகரத்தில் பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். கடைசியாக வெளிக்கிட்ட பஸ்களில் ஒன்றில் ஏறி, ஒரு கைப்பையோடு வந்து சேர்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். "பெரிய ஷ்வெஸ்டர்" என்றேன். சிரித்தாள். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான். பெயர்ச்சொற்களை அடுக்கிவிட்டு மிச்சத்தைக் கையால் பேசுவோம்.

இரண்டு பேராலும் ஓரிடத்தில் இருக்க முடியாது. வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்டத்தைத் தாண்டவும் அனுமதி இல்லை. ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு இது சுகவாசம் போலத் தோன்றலாம். கையும் காலும் சரியாக உள்ள ஒருவரை மாதக்கணக்கில் சும்மா இருத்தி வைத்தால் உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும். நான் கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன். அம்ரா தாழ்வாரத்தில் அங்குமிங்கும் நடந்தாள். அவளுடைய சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டே எத்தனையாவது தடவை திரும்புகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஜூலையில் ஒருநாள் அவள் ஒரு பத்திரிகைத் துண்டோடு சமையலறைக்குள் வந்தாள். பார்சலோனாவில் ஒலிம்பிக் தொடங்கப்போகிறது, பொஸ்னியாவும் தன் சொந்தப் பெயரில் ஒரு சின்ன அணியை அனுப்புகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள். அதில் ஒன்றின் கீழே பேனையால் கோடு போட்டிருந்தாள். எல்மா. அம்ராவிடம் நான்கு வருடம் ஓட்டம் பழகிய பெண். எண்ணூறு மீற்றர் ஓடுபவள். அம்ரா பஸ் ஏறிய நாளிலிருந்து அவள் உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு தகவலும் இல்லை.

"பெயர் இருக்குதே" என்று நான் துண்டைத் தொட்டுக் காட்டினேன்.

அம்ரா தலையை ஆட்டினாள். "பட்டியல் ஒன்றுமில்லை. பஸ்ஸுக்கும் பட்டியல் இருந்தது. பெயர் இருந்தது, ஆள் வரவில்லை."

தொடக்க விழா அன்று மாலை ஹைமின் பொது அறையில் எல்லோரும் கூடினோம். அங்கே தொலைக்காட்சிப் பெட்டி ஒரு மர அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கும். திறப்பு ஹவுஸ்மைஸ்டரிடம், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரிடம். மாலை ஐந்துக்குத் திறந்து பத்துக்குப் பூட்டுவார். வரும்முன் ஒரு வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல் இருந்தவள் நான். கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை ஓடவைத்துச் செய்தி கேட்டோம். அப்பா களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப்போவார். இங்கே மின்சாரம் வழிந்து ஓடியது, பெட்டிக்குப் பூட்டு.

பொஸ்னியாவின் பெயர் வந்ததும் அம்ரா எழுந்துபோய்த் திரைக்கு ஒரு முழம் தள்ளி முழங்காலில் நின்றாள். ஒரு கொடி, பின்னால் சிறு கூட்டம். மைதானம் முழுவதும் கை தட்டியது. கமெரா கொடி பிடித்தவரைக் காட்டியது, பிறகு மேடையில் நின்ற பெரியவர்களைக் காட்டியது, பிறகு அடுத்த நாடு வந்துவிட்டது. எல்மா இருந்தாளா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள்.

வெகுநேரம் கழித்து ஸ்ரீலங்கா வந்தது. அதுவும் சின்ன அணிதான். என் கணவர் எழும்பி, "நான் வெளியில நிக்கிறன்" என்று சிகரெட்டை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு எழவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. அந்தக் கொடியை ஏந்தியவர்கள் எங்கள் ஊரில் என்ன செய்தார்கள் என்பது தெரியும். ஆனாலும் அந்தச் சில பேரில் எங்கள் ஆள் யாரும் இருப்பார்களோ என்று கண் தேடியது. அம்ரா திரும்பி, "உன்னுடையது?" என்று கேட்டாள். தோளைக் குலுக்கினேன்.

எல்மா ஓடும் தகுதிச்சுற்று ஒரு முற்பகலில் வந்தது. அதே முற்பகலில் அம்ராவுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின். குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் தங்கும் அனுமதி நீளாது. அதற்கு முதல் நாள் அவள் என் அறைக்கு வந்து ஒரு படத்தைக் கட்டிலில் வைத்தாள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"நீ பார்" என்றாள். "முகம் வேண்டாம். டீவீயில் முகம் எல்லாம் ஒன்று. கையைப் பார்." எழுந்து நின்ற இடத்திலேயே ஓடிக் காட்டினாள். வலது கை உடம்போடு ஒட்டிப் போனது. இடது முழங்கை ஒவ்வொரு அடிக்கும் வெளியே விரிந்தது. "இப்படி. நான்கு வருடம் கத்தினேன். மாறவில்லை. உலகத்தில் இப்படி ஓட வேறு ஆள் இல்லை."

காலையில் நான் ஹவுஸ்மைஸ்டரிடம் போனேன். அலுமாரி ஐந்து மணிக்குத்தான் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"இன்று ஓட்டம்" என்றேன்.

"உங்கள் நாடா ஓடுகிறது?"

"இல்லை. பொஸ்னியா."

"நீங்கள் பொஸ்னியாவா?"

"இல்லை. என் சகோதரி." அம்ராவைத்தான் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வினைச்சொல் போதவில்லை.

அவர் என் முகத்தையும் நிறத்தையும் பார்த்தார். "உங்கள் சகோதரி பொஸ்னியாவுக்காக ஓடுகிறாரா?" பதிலுக்குக் காத்திராமல் திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். அலுமாரியைத் திறந்துவிட்டு அவரும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

படகோட்டம் காட்டினார்கள், பிறகு குதிரை. திடீரென்று மைதானம் வந்தது. பெயர்ப் பட்டியல் திரையில் ஓடியது, எல்மாவின் பெயர் அதில் இருந்தது. கமெரா ஓட்டக்காரிகளை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு வந்து, பேர்போனவர்களிடம் நின்றுவிட்டது. வெடி கேட்டது. கடைசித் தடத்தில் வெள்ளைச் சட்டையோடு ஒரு மெலிந்த பெண். தலைமயிர் கட்டையாக வெட்டியிருந்தது. பின்னல் இல்லை. முதல் வளைவில் அவளைக் கண்ணால் பிடித்துவிட்டேன். கையைப் பார்த்தேன். இடது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. முழங்கை விரியவில்லை. முதல் சுற்று முழுவதும் பார்த்தேன், ஒருதரமும் விரியவில்லை. இரண்டாம் சுற்றில் அவள் பின்தங்கிப் படத்திலிருந்தே விழுந்துவிட்டாள். முதல் வந்தவர்கள் மூச்சு வாங்கும்போது அவர்களுக்குப் பின்னால், தூரத்தில், வெள்ளையாக ஒன்று கோட்டைத் தாண்டியது.

"அதுதானே உங்கள் சகோதரி?" என்றார் ஹவுஸ்மைஸ்டர். "பரவாயில்லை. ஓடி முடித்துவிட்டார்." எழும்பி எனக்குக் கை கொடுத்தார்.

அம்ரா பின்னேரம் வந்தாள். பஸ் தரிப்பிடத்திலிருந்து அவள் ஓடி வருவதை ஜன்னலால் கண்டு படியில் இறங்கி நின்றேன். அருகில் வருமுன்பே, "கை?" என்று கேட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வேறொன்றும் வரவில்லை. என் இடது முழங்கையை வெளியே விரித்துக் காட்டினேன். இரண்டு தரம்.

அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சிரித்தாள். "கழுதை. இன்னும் மாறவில்லை" என்றாள், அல்லது அந்த மாதிரி ஏதோ, தன் மொழியில். அன்று மாலை ஹைமில் உள்ள எல்லோருடைய கோவாவையும் வாங்கி, மாவைப் பிசைந்து மெல்லிய தோலாக இழுத்து, உள்ளே கோவாவைச் சுற்றி வேகவைத்தாள். தட்டுத் தட்டாக எல்லோருக்கும் கொடுத்தாள்.

அறைக்குள் கணவர் கேட்டார், "உண்மையாவே கை அப்பிடித்தான் போச்சுதோ?"

"இல்லை."

"அப்ப ஏன் சொன்னனீர்?"

"அவ சந்தோசமாய் இருக்கட்டும் எண்டுதான்."

"அது அந்தப் பிள்ளைதானோ எண்டு உமக்கே தெரியாதே. நாளைக்கு வேற மாதிரி வந்தா அவவின்ர முகத்தில எப்பிடி முழிப்பீர்?"

நாங்களும் வீட்டுக்கு அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தோம். இவர் வேலைக்குப் போய்வருகிறார் என்று எழுதினேன். ஹவுஸ்மைஸ்டரின் ரோசாச் செடிகளுக்கு முன்னால் நின்று படம் பிடித்து, எங்கள் வளவு என்று அனுப்பினேன். அப்பாவின் கடிதங்கள் கொழும்பு சுற்றி இரண்டு மாதத்தில் வரும். 'நாங்கள் இங்கு நல்ல சுகம்' என்று தொடங்கி, அதே சொற்களில் முடியும்.

நான்கு நாள் கழித்துத் தாழ்வாரத்துத் தொலைபேசி அம்ராவைக் கேட்டு அடித்தது. வியன்னாவில் இருந்த ஒரு உறவினர் மூலம் ஹைமின் எண் எல்மாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. எல்மாவேதான் பேசினாள். அம்ரா கத்திக் கத்திப் பேசுவது சமையலறைக்குக் கேட்டது. பிறகு குரல் தணிந்தது. பிறகு சத்தமே இல்லை.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"மே மாதம் தண்ணீருக்கு வரிசையில் நின்றிருக்கிறாள். ஷெல். இடது கையில் துண்டு. இப்போது கை இப்படித்தான்." தன் கையை மார்போடு மடித்து ஒட்டிக் காட்டினாள். "எனக்குச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆசிரியை, இனி என் முழங்கை வெளியே போகாது, நீங்கள் கத்த வேண்டியதில்லை என்கிறாள்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா?"

"பார்த்தேன்."

"கை விரிந்ததா?"

"இல்லை. மன்னித்துக்கொள் அக்கா. நீ அழுவாய் என்று..."

"அழுதிருப்பேன்" என்றாள். "அழுதுவிட்டு, கைக்கு என்னவோ நடந்திருக்கிறது என்று யோசித்திருப்பேன். நான்கு நாள் நான் பழைய எல்மாவோடு சந்தோசமாக இருந்தேன். அந்த எல்மா இப்போது இல்லை. நான் உன்னிடம் கண்ணைக் கேட்டேன். வாயைக் கேட்கவில்லை."

அந்த வெள்ளிக்கிழமை மேசையில் பேணி கை மாறவில்லை. அடுத்த செவ்வாயும் மாறவில்லை. மூன்றாம் தடவை அவள் தள்ளினாள், ஆனால் என்னைப் பார்க்காமல். பழையபடி பேச ஒரு மாதம் எடுத்தது. பிறகு பல வருடம் சினேகிதமாகவே இருந்தோம். அவளுடைய நாட்டில் போர் முடிந்து, அவர்களை இங்கிருந்து திருப்பி அனுப்பத் தொடங்கியபோது அவளும் போனாள். எல்மா அதற்கு முன்பே சரயேவோவுக்குத் திரும்பிவிட்டாளாம். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறாள் என்று அம்ரா எழுதியிருக்கிறாள். இதை எழுதும்போதும் எங்களுடைய போர் முடியவில்லை. நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

அந்த ஆகஸ்டில் நான் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இவருக்கு வேலை இல்லை, ரோசாச் செடி எங்களுடையது இல்லை, ஒரே அறையில் இருக்கிறோம், எங்களை வைத்திருப்பார்களா என்று தெரியாது, எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில், நீங்களும் சுகம் என்று மட்டும் எழுதாமல் உள்ளதை எழுதுங்கோ அப்பா என்று கேட்டேன். தபால் பெட்டியில் போட்ட பிறகு ஏன் போட்டேன் என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

பதில் மார்கழியில் வந்தது. அப்பா அரைப் பக்கம் எழுதியிருந்தார். 'நீ கேட்டபடியால் எழுதுகிறேன். நீங்கள் வெளிக்கிட்ட அடுத்த மாதமே வீட்டில் குண்டு விழுந்தது. முன் விறாந்தையும் ஹோலும் சேதமில்லை. பின்பக்கத்து இரண்டு அறைகளும் இல்லை. நானும் அம்மாவும் ஹோலில் படுக்கிறோம். இனி எழுதும்போது வழமைபோலவே எழுதுகிறேன், கோபிக்காதே.'

என் அறை பின்பக்கத்தில்தான் இருந்தது.

அன்று முழுவதும் இருக்க முடியாமல் ஹைம் அறைக்குள் நடந்தேன். நடக்க நடக்க, என்னை அறியாமல் வீட்டை அளக்கத் தொடங்கியிருந்தேன். கதவடியில் விறாந்தை. கட்டில் இருந்த இடத்தில் ஹோல், அப்பாவும் அம்மாவும் பாய் விரிக்கும் இடம். அங்கிருந்து ஆறு அடி வைத்தால் ஹோல் முடியும், என் அறை வாசல் வரும். ஆறாவது அடியில் ஜன்னல் வந்துவிட்டது. நெற்றி கண்ணாடியில் முட்டியது. அதற்கு அப்பால், என் கட்டிலும் மேசையும் இருக்க வேண்டிய இடத்தில், வாகனத் தரிப்பிடத்தின் மேலே பனி விழுந்துகொண்டிருந்தது.