இரண்டு தடவை கூப்பிடும் குரல்

ஹெட்போனில் முதலில் கேட்டது தையல் மிஷின்களின் கடகடப்பு. அதன் மேல் ஒரு குக்கர் விசில், யாரோ பக்கெட்டை இழுக்கும் ஓசை, தூரத்தில் மாஹிம் பக்கம் போகும் ரயில். ஆபீசில் பக்கத்து மேசைக்காரி சிரிப்புப் பொம்மைகளோடு அனுப்பிய இணைப்பு அது. எவனோ ஒரு வெள்ளைக்காரன் பல வருடங்களுக்கு முன் தாராவிச் சந்து ஒன்றில் பிடித்துப் போன சத்தத்தை, "நிம்மதியான தூக்கத்துக்கு" என்று தலைப்புப் போட்டு, திரும்பத் திரும்ப இரவெல்லாம் ஓடும்படி ஏற்றிவைத்திருக்கிறான். நாங்கள் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு கிடந்த இரைச்சல், அங்கே தாலாட்டாம். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "அந்தப் பெண் கூப்பிடும் இடம் வரும்போதெல்லாம் என் நாய் எழுந்துபோய் வாசலில் நிற்கிறது." நானும் சிரித்தேன். அப்போதுதான் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"ஏ புள்ளே... வாளா!"

என் உம்மா. அவள் மௌத்தாகி, அடக்கம் செய்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

எங்கள் "கல்லி"யில் எதிரே ஆள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கீழே பை தைக்கும் பட்டறைகளான "காலா"க்கள், மேலே இரும்பு ஏணியில் ஏறிப் போனால் குடியிருக்கும் "கோலி"கள். அந்த அகலத்துக்குள்தான் பாண்டி ஆடுவோம், சண்டை போடுவோம், இட்லிக்காரரின் சைக்கிளுக்கு வழிவிட்டுவிட்டு மறுபடி கட்டம் போடுவோம். பொழுது சாயும் நேரம், மக்ரிபு பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் ஏணி உச்சிகளில் ஒவ்வொரு தாயாக வந்து நின்று கூப்பிடத் தொடங்குவார்கள். பொம்பளைப் பிள்ளையின் பேரைத் தெருவில் ஏலம் விடக் கூடாது என்பது உம்மாவின் கட்சி. அதனால் வெறும் "புள்ளே"தான். குரலை வைத்தே அவரவர் தாயைக் கண்டுகொள்வோம். என் உம்மாவுக்குக் கடைசியில் குரல் லேசாகக் கீறும்.

ஆனால் கேட்டவுடன் பதில் சொல்லிவிடக் கூடாது. "அந்தி நேரத்துல மொத ரெண்டு தடவ கூப்பிடுதது மௌத்தாப் போனவுகளா இருக்கும்ளா. அவுகளால மூணாவது தடவ கூப்பிட முடியாது. மூணாவதுக்குத்தான் வாயத் தொறக்கணும்" என்பாள். ஒருநாள் ஆட்ட மும்முரத்தில் முதல் சத்தத்துக்கே "இந்தா வாறேம்மா" என்று கத்திவிட்டேன். ஏணியில் தடதடவென்று இறங்கி வந்தவளின் முகம் வெளுத்திருந்தது. "நான் இன்னும் கூப்பிடவேயில்லையேளா!" என்றாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடித்த கையோடு என் உச்சியில் ஓதி ஊதினாள். அன்று என்னைக் கூப்பிட்டது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உம்மாவின் போட்டோக்கள் வீட்டில் இருக்கின்றன. குரல் ஒரு துணுக்குக்கூட இல்லை. அதனால் கிடைத்த புதையலை விட மனம் வரவில்லை. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டேன், அழுதேன், மறுபடி கேட்டேன். குர்லாவிலிருக்கும் தம்பிக்கும் அனுப்பினேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், உடனே போன் போட்டு எச்சரித்தான்.

"உம்மாதான், லாத்தா. ஆனா ரெண்டு தடவதான் கூப்பிடுதா. கவனிச்சியா? இனிமே கேக்காத."

கவனித்திருந்தேன். இரண்டாவது முறைக்குப் பிறகு ஒரு ரிக்‌ஷா ஹாரன் அடிக்கும், பதிவு அறுந்து மறுபடி தையல் மிஷினிலிருந்து தொடங்கும். அவ்வளவுதான் விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கல்லி இருந்த இடத்தில் இப்போது ஒரு கட்டடத்தின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. நான் வாஷியில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறேன். கீழே தெரு அகலமாக, சுத்தமாக இருக்கிறது. சாப்பாடு கொண்டுவரும் பைக் ஓட்டிகள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே வந்து போகிறார்கள். இங்கே எந்தத் தாயும் ஜன்னலில் நின்று கத்துவதில்லை; பிள்ளைகளுக்குப் போன் போகிறது. என் மகளை யாரும் தெருவிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம், சமையலறையில் வேலையாக இருந்ததால் ஹெட்போன் இல்லாமல் அதை ஓடவிட்டேன். மகள் உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மிஷின் ஓடியது, குக்கர் கூவியது, ரயில் போனது.

"ஏ புள்ளே... வாளா!"

"ஹாங், ஆயீ! வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டு மகள் ஓடிவந்தாள். என்னைத் தாண்டி நேராக வாசல் கதவுக்குப் போனாள். தாழ்ப்பாளில் கையை வைத்துவிட்டாள்.

கையிலிருந்த கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தி, நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். அவள் உச்சியில் ஓதி ஊதினேன். பின்னால் சமையல் மேடைமேல் இருந்த போனில் உம்மா இரண்டாவது தடவை கூப்பிட்டாள். பிள்ளையை இழுத்துக்கொண்டே போய், ஒரு கையால் போனை எட்டி அணைத்தேன்.

பிள்ளை பயந்து அழுதது. விசும்பல் அடங்கியதும், "கோன் தா, மம்மி? யாரு அது?" என்று கேட்டாள்.

"யாருமில்ல" என்றேன்.