அய்யாவின் இடது பக்கம்

போன வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஓர் எலி செத்துக் கிடந்து நாறியது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை அள்ளி வெளியே எறிந்தாள். கையைக் கழுவிவிட்டுத் தோசை வார்க்கப் போய்விட்டாள். நானோ செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். "எங்க கெளம்பிட்டீக அத்தை?" என்றாள். எலி விழுந்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று இந்தக் கிழட்டுக் கால்களுக்கு மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் அடிக்கடி வந்து ஆளை வாரிக்கொண்டு போகும். எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கம். கூரையிலிருந்து ஓர் எலி கிறுகிறுத்து விழுந்து செத்தால் போதும், தமுக்கு அடித்துவிடுவார்கள். ஊரே சட்டி பானையோடு காட்டுக்குப் போய்க் குடிசை போட்டுக்கொள்ளும். தொடையிடுக்கில் கட்டி கண்டவர்களை மட்டும் ஆற்றோரத்துக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அங்கே போன யாரும் நடந்து திரும்பி நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்து நாய்கள்தான் கொழுத்துத் திரிந்தன.

அய்யாவுக்கு ஊர் வைத்த பெயர் பொண்டாட்டிதாசன். ஆத்தாவின் தண்ணீர்க் குடத்தை வாங்கிச் சுமக்கிற ஆம்பிளை ஊரிலேயே அவர் ஒருவர்தான். கேலி பண்ணினால், "எம் பொண்டாட்டி, எங் கொடம். ஒனக்கு எங்கன வலிக்குது?" என்பார். என்னைக் கை நீட்டி அடித்ததே இல்லை. அவருடைய இடுப்புக் கயிற்றில் எப்போதும் ஒரு முள்வாங்கி தொங்கும். எங்களுக்கு முள் தைத்துவிட்டால், பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து ஊதி ஊதி எடுப்பார்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்த ஒரு வருஷம், விறகுக்குப் போன ஆத்தாவின் குதிகாலில் கருவேல முள் ஏறியது. அய்யாதான் எடுத்தார். முனை உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது அவருக்குத் தெரியவில்லை. கால் வீங்கி, காய்ச்சல் கண்டு, தொடையிடுக்கில் நெறி கட்டியது. முள் பழுத்தால் நெறி கட்டும் என்பது காட்டுவேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் கேடுகாலம், அதே வாரம் மேலத்தெருவில் எலி விழுந்துவிட்டது. பயந்தவன் கண்ணுக்கு நெறி எது, பிளேக் கட்டி எது என்று தெரியுமா?

ஊர் காலியானபோது நாங்கள் மட்டும் கிளம்பவில்லை. ஆத்தாவால் எழுந்திருக்கவே முடியவில்லை. மத்தியானம் ஏழெட்டுப் பேர் கம்புகளோடு வந்தார்கள். முன்னால் நின்றவர் ஆத்தாவின் கூடப்பிறந்த அண்ணன், என் தாய்மாமன். முந்தின பிளேக்கில் தன் இரண்டு பிள்ளைகளை ஒரே குழியில் போட்டு மூடியவர்.

"மாப்ள, அவள எங்கிட்டக் குடுத்துரு. நானே கொட்டாயில கொண்டுபோய் விட்டுர்றேன்."

"முள்ளு தச்ச நெறி மச்சான். பிளேக்கு இல்ல."

"எம் பிள்ளைகளுக்கும் இப்பிடித்தான்டா சொன்னாக! தள்ளு!"

அய்யா தள்ளவில்லை. அரிவாளோடு வாசற்படியில் நின்றார். நான் ஆத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் படியேறியவனின் முன்கை எலும்பு தெரியப் பிளந்தது. ரத்தம் என் பாவாடை வரை தெறித்தது. "ஏலே, வெட்டிப்புட்டான்டா!" என்று அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். அப்புறம் கல்லெறி. ஓடு நொறுங்கியது, அடுக்குப்பானை நொறுங்கியது. மாமன் வீசிய கல் அய்யாவின் இடது கண்ணில் இறங்கியது. முட்டையைத் தரையில் போட்டால் கேட்குமே, அந்தச் சத்தம். அவர் விழவில்லை. கண்ணைப் பொத்திய வேகத்தில் அரிவாள் நழுவ, மூலையில் கிடந்த உலக்கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து மாமனின் தோளில் போட்டார். எலும்பு முறிந்து மாமன் மண்ணில் கிடந்து துடித்தார். உலக்கை மறுபடியும் ஓங்கியது, இந்தத் தடவை தலைக்கு நேராக.

"கொன்னுறாதீக! எங்கண்ணன்!" என்று ஆத்தா உள்ளேயிருந்து கத்தினாள்.

உலக்கை அப்படியே நின்றது. மாமனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அய்யா துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆத்தாவின் காலை மடியில் வைத்தார். கத்தியை நெருப்பில் காட்டிக் குதிகாலைக் கீறினார். சீழ் பீறிட்டது. ஆத்தா என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு கதறினாள். நான் அவளைவிடச் சத்தமாகக் கதறினேன். முள்வாங்கியில் கறுத்துப்போன முனை ஒன்று வந்தது. காய்ச்சல் விட்டு நெறி வடிந்ததும், அந்த முனையை ஓர் ஆமணக்கு இலையில் வைத்து எடுத்துக்கொண்டு மாமனின் குடிசைக்குப் போனார்.

"இந்தாங்க மச்சான், நீங்க கொண்டுபோக வந்த பிளேக்கு."

மாமன் நல்ல கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதார். அய்யா திரும்பி நடந்தார். மாமன் பாவம்தான், பிள்ளைகளைப் பறிகொடுத்த பயம். ஆனாலும் அவர் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் ஆறவில்லை.

கண் போனபின் அய்யா அந்தப் பக்கத்து மாட்டிலும் மரத்திலும் முட்டிக்கொள்வார். அதனால் ஆத்தா எங்கே போனாலும் அவருக்கு இடது பக்கமாகவே நடந்தாள். பெண்கள் புருஷனுக்குப் பின்னால் நடந்த காலம் அது. ஊர் சிரித்தது, அவள் சட்டை செய்யவில்லை. குச்சனூர்க் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். "கல்லு", "பள்ளம்", "மாடு வருது" என்று சொல்லிக்கொண்டே கூட நடப்பாள்.

பிளேக்கும் போயிற்று. கொட்டகை இருந்த இடத்தில் தென்னந்தோப்பு வந்துவிட்டது. ஆத்தாவும் போய்ச்சேர்ந்த வருஷம், அய்யாவைக் கூட்டிக்கொண்டு அந்தத் தோப்பு வழியாக நடந்தேன். அவர் நெற்றியெல்லாம் முட்டிக்கொண்ட காயம். அக்கறையாக அவருடைய இடது பக்கம் போய் நின்றேன். முழங்கையால் தள்ளிவிட்டார்.

"இங்கிட்டு வாத்தா. அங்கன ஒங்காத்தா வர்றால்ல."

நான் வலது பக்கம் மாறிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு தென்னையில் மோதிக்கொண்டார். நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு, யாருமில்லாத அந்த இடது பக்கம் திரும்பிக் கேட்டார்:

"சொல்லக் கூடாதாக்கும்?"