ஆறாவது நரம்புக்காரர்

மருத்துவமனைக்காரர்களுக்கு அவர் ஆறாவது நரம்பு. பெயரெல்லாம் யாருக்கும் ஞாபகம் இல்லை. "ஆறாவது நரம்பு வந்தாச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். "வந்தாச்சு, டீ குடிக்குது" என்று இன்னொரு குரல் பதில் சொல்லும். டீக் கோப்பையோடு பக்கத்திலேயே நின்று அவர் இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. ஒன்பது வருஷத்தில் அதுவும் போய்விட்டது.

தொழில் இஸ்திரி. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு பெட்டி, மேலே தலை இடிக்கிற படிக்கட்டு. இவ்வளவுதான் கடை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூளைக்கு அடியில் வளர்ந்திருந்த கட்டியை எடுத்தார்கள். உயிர் தப்பியது. வலது கண்ணை வெளிப்பக்கம் இழுக்கிற நரம்பு மட்டும் தப்பவில்லை. மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் அது ஆறாவது. அன்றிலிருந்து அவருடைய வலது கண் மூக்கோரமே ஒதுங்கி நிற்கிறது. வலப்பக்கம் பார்த்தால் ஒரு சட்டை இரண்டு சட்டையாகத் தெரியும். "வேலை மட்டும் ரெட்டிப்பாத் தெரியுது, கூலி ஒத்தையாத்தான் வருது" என்று சட்டை கொண்டுவருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். முதலில் சொன்னபோது அவர்களும் சிரித்தார்கள்.

இப்படிப் பளிச்சென்று தெரிகிற குறை, டாக்டர்களுக்குப் பரீட்சை நடத்துகிறவர்களுக்குக் கிடைத்தற்கரிய சரக்கு. பரீட்சைக் காலம் வந்தால் வார்டு உதவியாளர் போன் செய்துவிடுவார். "அண்ணே, வியாழக்கிழமை. முகம் மழிச்சிட்டு வாங்க." பஸ் காசு கொடுப்பார்கள், மதியச் சாப்பாடு கொடுப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற வேலைதானே என்றுதான் முதல் தடவை போனார். சும்மா உட்கார்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்று சாயங்காலம் தெரிந்தது. நாள் முழுக்கத் துணி தேய்த்தாலும் கை மட்டும்தான் வலிக்கும். இங்கே புருவம், தாடை, நாக்கு, தோள் எல்லாம் வலித்தன.

பின்னே? ஒவ்வொரு டாக்டரும் வந்து எட்டு நிமிஷம் உயிரை வாங்குவார். காப்பித்தூள் சீசாவை ஒரு மூக்குத்துளைக்குக் காட்டி என்ன வாசனை என்பார். கண்ணில் டார்ச் அடிப்பார். விரலை இப்படியும் அப்படியும் நகர்த்தி, தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்வார். பஞ்சால் கன்னத்தைத் தொடுவார். பல்லைக் கடி, புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு, நாக்கை நீட்டு, தோளைக் குலுக்கு. ஒரு நாளைக்குப் பதினைந்து பேர். பதினைந்து பேரும் ஒரே வாத்தியார்களிடம் படித்தவர்கள். அதனால் ஒரே வரிசை, ஒரே கேள்வி, ஒரே அவசரம். மூன்றாம் வருஷத்திலேயே அவருக்கு எல்லாம் மனப்பாடம். அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நீங்களே உள்ள போய் பரீட்சை எழுதிடலாம்ணே" என்பார் வார்டு உதவியாளர்.

இதில் பார்வை எதுவரை தெரிகிறது என்று பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. டாக்டர் எதிரே ஒரு முழத்தில் உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துப் பிடிப்பார். எந்தப் பக்கம் விரல் அசைகிறதோ அந்தப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். எல்லோரும் முதலில் இடது, அப்புறம் வலது, கடைசியில் இரண்டும் என்றுதான் அசைப்பார்கள். அவர்களுடைய தாளம் அவருக்குள் ஊறிப்போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்.

வினையே அதில்தான் வந்தது.

மூன்று மாதமாக அவருடைய இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி வீட்டம்மா ஒரு சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, "என்னங்க, இடது கை பூரா கசங்கியே இருக்கு, தேய்க்க மறந்துட்டீங்களா?" என்றாள். அவள்தான் உட்கார்ந்து கசக்கியிருப்பாள் என்று மனசுக்குள் திட்டினார். அடுத்த வாரம் இன்னொருவர் அதையே சொன்னார். ஒரு மத்தியானம் மேஜை முன் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். எந்தக் கண்ணால் பார்த்தாலும் இடப்பக்கம் பாதி உலகத்தைக் காணோம். இருட்டுகூட இல்லை. வெறுமனே அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அவர் தலைக்கு மேலேயே நின்றுகொண்டு எத்தனை டாக்டர்கள் அதைப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்! எடுத்த இடத்தில் மறுபடி வளர்கிறது. மறுபடி படுக்க வேண்டும், மறுபடி தலையைத் திறப்பார்கள்.

தலையைத் திறப்பதற்கு அவர் பயப்படவில்லை. பெஞ்சுக்குப் பயந்தார். போன தடவை அவர் மனைவி பதினான்கு வாரம் வார்டு வெளியே ஒரு பெஞ்சில் படுத்துக் கிடந்தாள். பள்ளிக்கூடத்தில் பார்த்த வேலை போயிற்று. முதுகு போயிற்று. வீட்டுக்கு வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் சாய்ந்து, "இன்னொரு தடவை என்னால ஆகாதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இப்போது நான்கு மாடி அலுவலகம் ஒன்றில் தரை துடைக்கிறாள். ராத்திரி முழங்காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் கிடக்கிறாள். இவளை மறுபடி அந்த பெஞ்சில் உட்கார வைப்பதா? கட்டி மெதுவாகத்தான் வளரும். வளரட்டும். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

அந்த வருஷமும் போன் வந்தது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் போனார். காலை ஏழரைக்குத் தேர்வாளர் வந்தார். வருஷா வருஷம் வருகிற அதே நரைத்த மனிதர். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. அவரும் தூங்கி நாளாயிருக்க வேண்டும். பரீட்சை தொடங்குவதற்கு முன் விடைத்தாளைச் சரிபார்ப்பதற்காக ஒரு சுற்றுப் பரிசோதித்தார். விரல் அசைக்கிற இடம் வந்ததும் இவர் வாய் தானாக "இடது, வலது, ரெண்டும்" என்றது. இடப்பக்கம் இரண்டு விரலை நீட்டி "எத்தனை?" என்று கேட்டதற்கும் "ரெண்டு" என்றது. மறைக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொன்னதல்ல. பழக்கம் சொல்லிவிட்டது. தேர்வாளர் தாளில் 'பார்வைப் பரப்பு சரி' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். இவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அசிங்கமாகவும் இருந்தது.

ஆறு பேர் வந்து போனார்கள். ஆறு பேரும் ஆறாவது நரம்பு என்று சொல்லி மார்க் வாங்கிக்கொண்டார்கள். ஏழாவதாக ஒரு டாக்டரம்மா வந்தாள். முப்பத்தைந்து வயசுக்குக் குறையாது. வெள்ளைக் கோட்டு தோளில் இறுக்கிப் பிடித்தது. இரண்டு தடவை தேறாமல் போனவள் என்று வார்டு உதவியாளர் ஏற்கெனவே காதில் போட்டிருந்தார். இந்தத் தடவையும் போனால் அவ்வளவுதானாம், இனி பரீட்சைக்கே உட்கார விடமாட்டார்களாம்.

அவளுக்கு அவசரம் என்பதே தெரியவில்லை. காப்பித்தூளைக் காட்டிவிட்டுச் சீசாவை மூடியே வைத்தாள். கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் முகத்தைத் தொட்டாள். "வலிச்சா சொல்லுங்க அய்யா" என்றாள். இந்த வேகத்தில் போனால் பன்னிரண்டுக்கு எங்கே வருவாள், ஆறைத் தாண்டமாட்டாள் என்று இவருக்கே கவலை வந்தது.

எதிரே உட்கார்ந்தாள். இவருடைய ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னாள். கைகளை விரித்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"இடது" என்றார் இவர்.

"இன்னும் அசைக்கலையே அய்யா."

"அசைஞ்ச மாதிரி இருந்துச்சும்மா."

"என் கைதான் நடுங்குது போல" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு பேசாமல் இருந்தாள். வழக்கமான நேரம் கடந்தது, அதற்கு மேலும் கடந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று இவருக்கு வியர்த்தது. "வலது" என்றார்.

"இப்ப என் ரெண்டு கையும் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதே."

"என் ஒரு கை மடியில இருக்குங்க" என்றாள்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தேர்வாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. இவர் குரலைத் தாழ்த்தினார். "விட்டுருங்கம்மா. ஆறாவது நரம்பு. அதை மட்டும் சொல்லுங்க, போதும். காலையில பெரியவரே பார்த்து எல்லாம் சரின்னு எழுதிட்டார். நீங்க மாத்திச் சொன்னா உங்களைத்தான் தப்பும்பாங்க."

"எவ்வளவு நாளா இப்படி?"

"மூணு மாசம் இருக்கும்."

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது."

மறு கண்ணைப் பொத்தச் சொல்லியும் பார்த்தாள், அப்போதும் இடப்பக்கம் இல்லை. எட்டு நிமிஷ மணி அடித்தது. தேர்வாளர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா எழுந்து நின்றாள். வலது ஆறாவது நரம்பு செயலிழந்திருக்கிறது என்றாள். தேர்வாளர் தலையாட்டிப் பேனாவைத் திறந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அது மட்டும் இல்ல சார். ரெண்டு கண்ணுலயும் இடப்பக்கம் பார்வை இல்ல" என்றாள்.

பேனா நின்றது. "காலையில நானே பார்த்தேன். இல்லாததை ஏன் சொல்றீங்க?"

"நான் பார்த்ததைத்தான் சார் சொல்றேன்."

"இது உங்களுக்கு மூணாவது தடவை, இல்ல? யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். இவர் பக்கம் திரும்பவே இல்லை. இந்த ஆளே என்னிடம் ஒப்புக்கொண்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அதைச் சொல்லவில்லை. "அதேதான் சார்" என்றாள். இவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பாவி, ஆறு என்று சொல்லிவிட்டுப் போய்த் தொலைந்திருக்கக் கூடாதா?

தேர்வாளர் குனிந்து இடப்பக்கம் கையை நீட்டினார். அதாவது, நீட்டியிருக்க வேண்டும். "என் மூக்கைப் பாருங்க அய்யா. எத்தனை விரல்?"

இரண்டு. ஒன்பது வருஷமாக இந்த மனிதர் இரண்டைத் தவிர வேறு காட்டியதில்லை. சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் போதும், சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம், மனைவியும் பெஞ்சுக்குப் போகாமல் வீட்டிலேயே படுக்கலாம். ஆனால் நின்றுகொண்டிருந்தவளின் கோட்டுப் பையில் பேனா ஒன்று மூடி இல்லாமல் மை கசிந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அந்தக் கறையைப் பார்த்ததும் இவருக்குத் திடீரென்று எல்லாம் போதும் என்று ஆகிவிட்டது. பொய் சொல்லவும் தெம்பு வேண்டியிருக்கிறது. அவரிடம் அது தீர்ந்துபோயிருந்தது.

"தெரியலைங்க" என்றார். "காலையிலயும் தெரியல. நீங்க வழக்கமா ரெண்டுதான் காட்டுவீங்க, அதான் ரெண்டுன்னுட்டேன்."

தேர்வாளர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை மூன்று விரல், ஒன்று, மூடிய கை என்று மாற்றி மாற்றிக் காட்டினார். மணி இரண்டு தடவை அடித்தும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் காலையில் எழுதியதை அடித்தார். டாக்டரம்மாவிடம் ஒரு பாராட்டும் சொல்லவில்லை. "அடுத்த கட்டிலுக்குப் போங்க, டாக்டர். நேரமாகுது" என்றார். அவள் தேறிவிட்டாள் என்பது மத்தியானம் வார்டு உதவியாளர் வந்து சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் இவரை ஸ்கேன் எடுத்து, நிஜ நோயாளியாக ஒரு கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தார். எப்படிச் சொல்வது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் செய்தார்.

"இன்னிக்கு வர முடியாது. படுக்கச் சொல்லிட்டாங்க. இடப்பக்கம் கண்ணு…"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"இடப்பக்கம் தெரியலன்னு. தட்டுல பாதியை அப்படியே வெச்சிட்டு எந்திரிக்கிறீங்க. அப்புறம் எல்லாத்தையும் வலப்பக்கமாத் தள்ளி வைக்கிறது நான்தானே? எத்தனை நாளா வைக்கிறேன், கவனிக்கலையா?"

அவர் கவனிக்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சொன்னா கூட்டிட்டு வரணும்ல" என்றாள். "இன்னும் ஒரு வாரம் போகட்டும், இன்னும் ஒரு வாரம் போகட்டும்னு இருந்துட்டேன். எனக்கு முடியலங்க. உங்க உயிருன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

அழுகிறாள் என்று தெரிந்தது. நானும் உனக்காகத்தான் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதைச் சொன்னால் அவள் இன்னும் அழுவாள் என்று தோன்றியது. சொல்லாமல் விட்டுவிட்டார்.

"வரேன்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இந்த மாடியை மட்டும் துடைச்சிட்டு வரேன்."