இரண்டு விரல் இடம்

யுத்த வருஷங்களில் அரியலூரில் எங்களோடு ஒரு நாய் இருந்தது. செம்மண் நிறம். கழுத்து முரட்டுக் கழுத்து. தலையோ பனங்கிழங்குபோல் கூம்பி, கழுத்தைவிடச் சிறுத்தது. எல்லாம் அந்தத் தலையால் வந்ததுதான்.

எனக்கு ஓரிடத்தில் கால் தங்காது. வெயில் சாய்ந்தால் அதையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கயிறு கட்டுவது என் மனைவி. பூலாம்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கன்றுக்குக் கட்டுவதுபோல் இரண்டு விரல் இடம் விட்டு முடிச்சுப் போடுவாள். கன்றின் அகன்ற நெற்றி கயிற்றைத் தடுக்கும். நாய்க்கு எது தடுக்கும்? இருவருக்குமே தோன்றவில்லை.

ஒருநாள் ரயில்வே கேட்டருகே கூட்ஸ் வண்டி ஊதியது. நாய் மிரண்டு பின்னால் இழுத்தது. ஒரே உதறல், என் கையில் வெறும் கயிறு. அது தண்டவாளத்தைத் தாண்டி ஓட, நடுவே பெட்டி பெட்டியாக வண்டி போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டி விலகியதும் பார்த்தேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்பதுபோல.

இதை வீட்டில் சொன்னது என் தப்பு.

"இனிமே வெளிய கூட்டிட்டுப் போவாதீங்க. கொட்டாய்லயே கெடக்கட்டும்."

"நடக்காம செத்துப்போயிடும்."

"எது? அதுவா, நீங்களா?"

இறுக்கிக் கட்டினேன், இருமியது. தளர்த்தினேன், கழன்றது. நாலு நாள் கொட்டகையில் கிடந்தது. நான் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டால் கயிறு எட்டும்வரை வந்து நிற்கும். குரைக்காது. அந்த நிற்றலைத்தான் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் ஆட்டைப்போல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, குதிரை வண்டிக்காரர்களுக்குச் சேணம் தைக்கும் பாயிடம் போனேன்.

"கழுத்தையே ஏன் சார் புடிச்சுத் தொங்குறீங்க? மாடு வளக்குற ஊட்டுக்காரங்க எல்லாருமே இப்படித்தான். குதிர நெஞ்சாலதானே வண்டி இழுக்குது!"

நல்ல தோலெல்லாம் பட்டாளத்துக்குப் போன காலம். பழைய குதிரை வாரைக் கிழித்து எண்ணெய் தேய்த்தார். நெஞ்சுக்கு ஒன்று, விலாவைச் சுற்றி ஒன்று, இரண்டும் சேரும் முதுகில் கயிறு மாட்ட ஒரு வளையம்.

"வாய மட்டும் நீங்க புடிச்சுக்குங்க. நக்கிச்சுன்னா எங்க மார்க்கத்துல ஏழு தடவ கழுவணும்."

முதலில் முன்னங்கால் இடுக்கில் உரசியது. பிரித்து, சற்றுப் பின்னே தள்ளித் தைத்தார். கடைசித் தையலில் என் பிடி நழுவியது. அவர் மணிக்கட்டு நனைந்தது. மண் தொட்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கழுவிவிட்டு வந்தவர், "நன்றி சொல்லிட்டான் போங்க" என்று சிரித்தார்.

மறுநாள் என் மனைவியும் கேட்வரை வந்தாள், நம்பாமல். வண்டி ஊதியது. நாய் பின்வாங்கியது, தலையை உதறியது, முதுகை வளைத்தது. வார் விடவில்லை. என் கால்களுக்கு நடுவே வந்து ஒளிந்துகொண்டது. அதன் நெஞ்சுத் துடிப்பு வார் வழியே என் உள்ளங்கைக்கு வந்தது.

அவள் குனிந்து வாருக்கடியில் விரல் விட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு வெரல் போவுது."

பிறகு கயிற்றை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க ஓடுறீங்க. அது எப்படி மோந்து பாக்கும்?"

கேட் திறந்ததும் இருவரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். வெறுங்கையோடு, வெகுநாள் கழித்து மெதுவாக, நான் பின்னால் நடந்தேன்.