சிமியோனின் முறை வந்தபோது

ஃபிலிபா மினிபஸ்ஸைவிட்டு இறங்கிய அன்று தெருவே கூடி நின்று கத்தியது. வரப்போகிற பெண்ணுக்குக் காது கேட்காது என்று, அவளைத் தங்கவைக்கப்போகிற தெக்லா எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். அதனால்தான் கத்தினார்கள். பக்கத்து வீட்டு மித்ரோஃபான் போட்ட சத்தத்தில் சாலையோரம் மேய்ந்த வாத்துகள் சிதறி ஓடின.

"வாம்மா! பிரயாணம் எல்லாம் சௌகரியமா?"

"அண்ணே, ஏன் தொண்டையைக் கிழிச்சுக்கிறீங்க? அவளுக்குத்தான் கேக்காதே" என்றாள் தெக்லா.

"தெரியும்டி. கொஞ்சமாவது உள்ள போகுதான்னு பாக்கறேன்."

போர்ச்சுகலிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்திருந்த அந்த இருபத்தாறு வயதுப் பெண் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் கை குலுக்கினாள். கடைசியில், கூட்டத்துக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்ற, தெக்லாவின் தம்பி சிமியோனிடம் போனாள். அவனிடம் மட்டும் கை குலுக்கவில்லை. ஒரு விரலால் தன் காதைத் தொட்டு, அதே விரலை உதட்டோரம் வைத்து, பிறகு நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். சிமியோன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். பிறகு அதையே திருப்பிச் செய்தான்.

தெக்லாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். மால்டோவாவின் வடக்குக் கோடியில் இருக்கிற அந்த ஊரில் அவள் பாலர் பள்ளியின் சமையல்காரி. வயது ஐம்பத்தெட்டு. அடுப்பங்கரையிலிருந்து அவள் குரல் கொடுத்தால் தெருமுனையில் விளையாடுகிற பிள்ளை சாப்பிட வந்துவிடும். ஒரு காலத்தில் நாற்பது பிள்ளைகளுக்குச் சமைத்தாள், இப்போது பதினொன்று. கணவன் இறந்து ஆறு வருடம். மகன்கள் இரண்டு பேரும் இத்தாலியில் கட்டட வேலை. வீட்டில் மிஞ்சியவர்கள் அவளும் தம்பி சிமியோனும்தான்.

சிமியோன் பிறவியிலேயே காது கேளாதவன். அவனுக்கும் சேர்த்துப் பேசுவது ஒன்பது வயதிலிருந்து தெக்லாவின் வேலை. மூக்கை இழுத்தால் அப்பா, கன்னத்தில் கை வைத்தால் அம்மா, இரண்டு விரலை நடக்கவிட்டால் கடை என்று அக்காவும் தம்பியும் வீட்டுக்குள்ளேயே ஒரு பேச்சை உண்டாக்கி வைத்திருந்தார்கள். ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வரவில்லை. "சிமியோன் என்ன சொல்றான்?" என்று தெக்லாவின் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். அவன் கை பாதி எழும்புவதற்குள் தெக்லா முழுப் பதிலையும் சொல்லி முடித்துவிடுவாள். அவன் நாற்பத்தொன்பது வயது வரைக்கும் இப்படித்தான் ஓடியது.

இருபது நிமிடப் பயணத்தில் இருக்கும் டவுனில், காது கேளாதவர்களே நடத்துகிற ஒரு பேக்கரி இருந்தது. ஃபிலிபா எட்டு மாதம் தொண்டு வேலை செய்ய வந்தது அங்கேதான். மதியம் போய் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவாள். அவளுக்குத் தங்க ஒரு வீடு வேண்டுமென்று கேட்டபோது, "எங்க வீட்டுல கையால பேசத் தெரிஞ்சவ நான் இருக்கேன்" என்று தெக்லாதான் முந்திக்கொண்டாள்.

முதல் வாரம் பெரிய பாடாக இருந்தது. ஃபிலிபா எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். குறுக்குக் காற்று பட்டால் ஆளே போய்விடுவான் என்று தெக்லா ஓடி ஓடிச் சாத்தினாள். தட்டு காலியானால் போதும் என்று அர்த்தம் என ஃபிலிபா நினைத்தாள். காலியான தட்டு இன்னும் கேட்கிற தட்டு என்பது தெக்லாவின் கணக்கு. நான்காவது முறை சோளக்களி விழுந்தபோது ஃபிலிபா தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக் காட்டினாள். அவள் மொழியும் இவர்கள் மொழியும் ஒரே வேரிலிருந்து வந்தவை, அகராதி துணையோடு எழுதினால் பாதிக்கு மேல் புரிந்துவிடும். 'அம்மா, நான் செத்துவிடுவேன்' என்று எழுதியிருந்தது.

"காத்து பட்டாத்தான் சாவ. சோத்தால யாரும் செத்ததில்ல" என்று தெக்லா பதிலை எழுதினாள். எழுதும்போதும் உரக்கச் சொல்லிக்கொண்டேதான் எழுதினாள்.

ஆனால் அந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்கத் தெக்லாவுக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. மேஜைமேல் உள்ளங்கையை வைத்திருப்பாள். யாராவது வாசலில் கால் வைத்தால் அந்த அதிர்விலேயே திரும்பிவிடுவாள். கனமான நடையென்றால் மித்ரோஃபான் என்று அவரைப் போலவே தொப்பையைக் காட்டுவாள். ஒருநாள் தெக்லா செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி பின்னால் போய்ப் பார்த்தாள். ஃபிலிபா திரும்பாமலேயே கையை நீட்டி அவள் மேலாடையைப் பிடித்தாள். சுவர் விளக்கின் வெளிச்சத்தில் நிழல் முன்னால் விழுந்திருந்தது. வெறும் காதை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் தான் எதையெல்லாம் கவனிக்காமல் விட்டோமோ என்று தெக்லாவுக்குத் தோன்றியது.

மூன்றாவது நாள் நடந்ததுதான் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. தெக்லா பள்ளியிலிருந்து வந்தபோது இருவரும் திராட்சைக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். கைகள் பறந்துகொண்டிருந்தன. ஃபிலிபாவின் கைகள் பறப்பது அதிசயமில்லை. சிமியோனின் கைகளும் பறந்தன. மூக்கை இழுக்கவில்லை, கன்னத்தைத் தொடவில்லை. தெக்லா பார்த்தே இராத அசைவுகள், வேகமானவை, சுத்தமானவை. ஃபிலிபாவுக்குப் புரியாதபோது வேறு விதமாகச் செய்து காட்டினான், அவளும் தன் நாட்டு அசைவைக் காட்டினாள், இருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மேலே போனார்கள்.

எட்டு வயதில் சிமியோனை நகரத்திலிருந்த காது கேளாதோர் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். இரண்டு வருடம் விடுதியில் இருந்தான். நிமோனியா வந்து, அம்மா போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு அனுப்பவில்லை. அங்கே கற்ற பேச்சு அது. நாற்பது வருடமாக, பேச ஒரு ஆள் இல்லாமல், ஒரு சொல்கூடத் தொலைக்காமல் அதை எங்கே வைத்திருந்தான்? தெக்லா வாசற்படியிலேயே நின்றாள். கையில் பால் பாத்திரம் கனத்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

அக்டோபர் கடைசியில் பேக்கரியிலிருந்து போன் வந்தது. பேசியது பேக்கரியின் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி. காலையில் மாவு பிசைய ஒரு ஆள் வேண்டும், சிமியோனைப் பற்றி ஃபிலிபா நிறையச் சொல்லியிருக்கிறாள், வருவானா என்று கேட்டாள்.

தெக்லா போனைக் காதில் வைத்தபடியே தம்பியிடம் கையால் கேட்டாள். கேள்வி முடிவதற்குள் அவன் தலை ஆடியது, கையும் எழுந்தது. "வரேன்னு சொல்லு. நாளைக்கேன்னாலும் வரேன்னு சொல்லு."

தெக்லா போனில் சொன்னாள்: "அவனுக்கு இஷ்டமில்லையாம்மா. வீட்டை விட்டு வரமாட்டேங்கறான்."

அவளுக்கு அதற்குக் காரணம் இருந்தது. நாட்டில் சண்டை நடந்த வருடம் பதினெட்டு வயது சிமியோன் தனியாக டவுனுக்குப் போனான். பாலத்தில் காவல் நின்றவர்கள் நில்லு என்று கத்தினார்கள். அவன் பாட்டுக்கு நடந்தான். தலைக்கு மேல் சுட்டார்கள். அதுவும் கேட்காமல் நடந்தான். இரண்டு நாள் கழித்து வீங்கிய முகத்தோடு யாரோ வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவன் ஊர் எல்லையைத் தாண்டியது அக்காவோடு மட்டும்தான்.

பொய் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஃபிலிபா வேலை முடிந்து வந்து நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'வரமாட்டேன் என்று சிமியோன் சொன்னாரா?' தெக்லா நோட்டை மூடி வைத்தாள். ஃபிலிபா அவனைக் கேட்டாள். அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு பார்வையை எடுத்துவிட்டான்.

காது கேட்கிறவர்கள் கோபித்துக்கொண்டால் பேசமாட்டார்கள். ஆனால் எதிராளி பேசினால் காதில் விழுந்து தொலைக்கும். சிமியோன் பார்க்காமல் இருந்தால் கதவு சாத்தியது சாத்தியதுதான். தெக்லா எதிரே போய் நின்றாள், கண்ணை மூடிக்கொண்டான். தோளைத் தட்டினாள், எழுந்து போய்விட்டான். ஒரு வாரம் அந்த வீட்டில் தெக்லா கத்தினாள், முனகினாள், பாத்திரத்தைப் போட்டாள். எல்லாம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

நவம்பர் எட்டாம் தேதி, புனித துமித்ரு நாள், ஊர்த் திருவிழா. வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்தார்கள். ஒவ்வொரு வீடாக ஏறிச் சாப்பிட்டுவிட்டு நிலவறைக்கு இறங்க வேண்டும். புது ஒயின் அங்கேதான் பீப்பாயில் கலங்கலாகக் காத்திருக்கும். தெக்லா வீட்டு நிலவறையில் அன்று பன்னிரண்டு பேர். கோப்பை ஒன்றுதான். வீட்டுக்காரி முதலில் நிரப்பிக் குடித்துக் காட்டி, அதே கோப்பையை நிரப்பிப் பக்கத்து ஆளிடம் கொடுப்பாள். வாங்கியவர் நான்கு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். கோப்பை ஒருவர் முறையில் இருக்கும்போது மற்றவர் வாய் திறப்பதில்லை. அங்கே சொன்ன சொல்லை வெளியே வந்து மாற்றுகிறவனை ஊரில் ஒரு மனிதனாக மதிக்கமாட்டார்கள்.

ஃபிலிபாவின் முறை வந்தது. கோப்பையைப் பீப்பாய்மேல் வைத்துவிட்டுக் கையால் வாழ்த்தினாள். இரண்டு மாதப் பழக்கத்தில் தெக்லாவுக்கு அது புரிந்தது, எடுத்துச் சொன்னாள்: "இந்த வீட்டுச் சோறு என்னைக் கொல்லல, அதுக்கு நன்றிங்கறா." நிலவறை அதிர்ந்து சிரித்தது.

அடுத்து சிமியோன். வழக்கப்படி மித்ரோஃபான் தொண்டையைச் செருமினார். "சிமியோனுக்கும் சேர்த்து நானே சொல்லிடறேன்..."

சிமியோன் குடிக்கவில்லை. நிரம்பிய கோப்பையைக் கொண்டுபோய் அக்காவின் கையில் கொடுத்தான். அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தான். மூக்கையும் கன்னத்தையும் தொடுகிற அந்த வீட்டுப் பேச்சில், அவளைத் தவிர வேறு யாருக்கும் புரியாத பேச்சில், மெதுவாகச் சொன்னான். ஒவ்வொன்றாக, அவள் எதையும் தவறவிடாதபடிக்கு.

முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

பதினொரு முகங்கள் தெக்லா பக்கம் திரும்பின. "என்ன சொல்றான்?"

'நல்ல மழை பெய்யட்டும்கிறான்' என்று சொன்னால் போதும். நல்லாச் சொன்னான் என்பார்கள், கோப்பை அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஃபிலிபாவுக்குக்கூட முழுதாகப் புரிந்திருக்காது. இத்தனை வருடம் அவன் சொன்னதில் தனக்குப் பிடித்ததை எடுத்து, பிடிக்காததைப் போட்டுவிட்டுத்தானே ஊருக்குச் சொன்னாள்? அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கோப்பையை அவள் கையிலேயே கொடுத்திருக்கிறான். காவல்காரர்கள் கத்தியது கேட்காமல் பாலத்தில் நடந்தவன், இன்று தெரிந்தே நடக்கிறான்.

தெக்லா சொன்னாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக யாரும் கேட்டதில்லை.

"திங்கக்கிழமை. காலையில ஏழு மணி வண்டி. நான் மட்டும் தனியா. ரொட்டி போடக் கத்துக்கப் போறேன். எனக்குப் பயமில்ல. அக்காவுக்குத்தான் பயம். அவ நல்லவ. அவ பயம் குறையட்டும்னு இதைக் குடிக்கறேன்... அப்படிங்கறான்."

சிமியோன் கோப்பையை வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"இவ்வளவும் அவன் சொன்னானா?" என்றார் மித்ரோஃபான்.

"சொன்னான்."

"நீயா ஒண்ணும் சேத்துக்கலையே?"

"இன்னிக்கு வரைக்கும் குறைச்சுத்தான் சொல்லியிருக்கேன் அண்ணே. போன வாரம் அவன் வரேன்னு சொன்னதை வரலைன்னு சொல்லிட்டேன்."

மித்ரோஃபான் தலையைச் சொறிந்தார். "சரி, முப்பது வருஷமா வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கேன். என்னைப் பத்தி என்ன நினைக்கறான்னு கேளு."

"என்னைப் பார்த்து ஏன் கேக்கறீங்க? அவனைப் பார்த்துக் கேளுங்க."

மித்ரோஃபான் சங்கடத்தோடு சிமியோனைப் பார்த்தார். ஒரு விரலால் தன்னைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். சிமியோன் யோசித்தான். ஒரு கையை வாத்து அலகாக்கி மூடித் திறந்து, மூடித் திறந்து, நிறுத்தாமல் ஆட்டினான். பிறகு இரண்டு காதையும் தொட்டு, மேலே பார்த்துக் கும்பிட்டான்.

இதற்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதலில் சிரித்தது மித்ரோஃபான்தான். பீப்பாயில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடப்பாவி! இவனுக்குக் கிண்டல் தெரியும்னு ஏண்டி சொல்லல?"

தெக்லாவுக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. நாற்பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். ஆட்கள் சிமியோனைச் சுற்றி நெருக்கிக்கொண்டு விரலாலும் புருவத்தாலும் கேள்விகளாகக் கேட்டார்கள், அவன் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னான். தெக்லா ஒயின் ஜாடியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று, புதிதாக ஊருக்கு வந்த ஒரு ஆளைப் பார்ப்பதுபோலத் தம்பியைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை மூடுபனி. மினிபஸ் நிறையக் கூட்டம். ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பத் தெக்லாவின் வாய் துடித்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். சிமியோன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கதவு மூடியது. வழியனுப்ப வந்த பெண்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, "மாத்திரையை எடுத்துக்கிட்டியா? போன உடனே போன் பண்ணு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினார்கள்.

சிமியோன் கையை உயர்த்தினான். "உள்ளே கதகதப்பா இருக்கு. பக்கத்துல இருக்கறவன் வாயைப் பொளந்துட்டுத் தூங்கறான்."

"எழுப்பாத" என்றாள் தெக்லா, கையால்.

"டவுன் வந்தா எழுப்பணுமே. என்ன சொல்லி எழுப்பறது?"

மூடிய கண்ணாடி வழியாக, இஞ்சின் சத்தத்துக்குள், ஒரு சொல் சிந்தாமல் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த பெண்கள் கத்துவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வண்டி நகர்ந்தது. திருப்பத்தில் பனிக்குள் மறையும்வரை அவன் கைகள் தெரிந்தன, தெக்லாவும் பதில் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.